பின்னாடி கிடந்த நாற்காலி

எழுத்து கொஞ்சம் பெருசாவே இருக்கட்டும் அண்ணாச்சி. போன வருஷம் வந்த ஆளு எழுதுனது தூரத்துல நின்னு பாத்தா தெரியவே மாட்டேங்குது. அதுக்கு மேல இருக்க பேருக இருக்குல்லா, அந்த அளவுக்கு எழுதிருங்க. ம. பிச்சையா. முன்னாடி திரு போடணும், பக்கத்துல வருஷம். அவ்வளவுதான் வேலை. டீ சொல்லியிருக்கேன், வந்திரும்.

நான் இங்கனயே உங்க பின்னாடி நாற்காலியைப் போட்டு உக்காந்துக்கிடுதேன். வருஷா வருஷம் இந்தப் போர்டு எழுதும்போது கூட இருந்து பாக்கது என் பொறுப்பு. கமிட்டியில எனக்குக் கொடுத்திருக்க ஒரே வேலை அதுதான். பத்தொம்பது வருஷமா அடுத்தவன் பேரு சரியா இருக்கான்னு பாத்துக்கிட்டிருக்கேன். எம்பேரு கோமதிநாயகம். போர்டுல தேடாதீங்க, இருக்காது.

சிரிக்கிய. சிரிங்க, நானே சிரிச்சிருக்கேன்.

ஆடித்தபசு திருவிழா முடிஞ்ச கையோட இந்த கிளப்புல ரம்மி போட்டி ஆரம்பிச்சிரும். மூணு ஞாயித்துக்கிழமை நடக்கும். காசு கிடையாது, பாத்துக்கிடுங்க. போலீசு தொந்தரவெல்லாம் நமக்கு வேண்டாம்னு பழைய செக்ரட்டரி அப்பமே முடிவு பண்ணிட்டாரு. ஒரு கோப்பை, ஒரு சால்வை, இந்தப் போர்டுல பேரு. கோப்பையையும் மறு வருஷம் விளக்கித் திருப்பிக் கொடுத்திரணும். பேரு மட்டுந்தான் நிக்கும். அதுக்குத்தான் முப்பத்தாறு பேரு மூணு வாரம் மண்டையைப் போட்டு உடைக்கோம்.

எனக்கு எதுக்கு அந்த ஆசைன்னு கேட்டா என்ன சொல்ல. நான் இருக்கது பொண்டாட்டி வீடு. வாசல்ல கல்லுல மாமனாரு பேரு வெட்டியிருக்கு. அவரு போயிச் சேந்து இருபது வருஷமாச்சு, தபால்காரரு இன்னும் அவரு வீடுன்னுதான் சொல்லுதாரு. பத்திர ஆபீசுல முப்பத்தி மூணு வருஷம் கிளார்க்கா இருந்தேன். அங்கயும் வாங்குனவன் பேரு, வித்தவன் பேரு, சாட்சி பேரு. ஒரு இடத்துல எம்பேரு இருக்கணும் அண்ணாச்சி, பெயிண்டுல. நான் செத்த பிறகும் நாலு பேரு தலையைத் தூக்கிப் பாக்கணும். இது ஒரு பெரிய ஆசையா? ஆனா ராசின்னு ஒண்ணு இருக்குல்லா. அது எனக்குக் கிடையாது.

நீங்க சீட்டு ஆடுவியளா? இல்லையா? நல்லதுதான். சுருக்கமா சொல்லுதேன், கேளுங்க. ஆளுக்குப் பதிமூணு சீட்டு. வரிசையா சேக்கணும், இல்லைன்னா ஒரே நம்பரா சேக்கணும். மொதல்ல சேத்து முடிச்சவனுக்குப் பாயிண்டு கிடையாது. மத்தவன் கையில சேராம நிக்க சீட்டை எண்ணி அவன் தலையில ஏத்துவாங்க. ஒரு ஆட்டத்துக்கு எண்பது வரைக்கும் ஏறும். ஏறி ஏறி இருநூத்தம்பதைத் தொட்டா எந்திரிச்சு வீட்டுக்குப் போயிர வேண்டியதுதான். இதுல ஒரு வசதி வச்சிருக்கான். கைக்கு வந்த சீட்டு மோசமா இருந்தா, ஆடாமலே கவுத்து வச்சிரலாம். ஸ்கூட்டுன்னு சொல்லுவோம். இருபது பாயிண்டோட தப்பிச்சிரலாம். ஆனா கவுத்தா கவுத்ததுதான். அந்தச் சீட்டைத் திரும்பக் கையில எடுக்கக் கூடாது.

நான் ஸ்கூட்டு விட மாட்டேன். அது என் பழக்கம். வந்த சீட்டை ஆடிப் பாக்காமலே கவுக்கது என்ன ஆட்டம்? அடுத்த சீட்டு ஜோக்கரா வந்தா என்ன செய்வ? கட்டுக்குள்ள என்ன இருக்குன்னு எவனுக்குத் தெரியும்? இந்தா இப்பம் எழுதிக்கிட்டிருக்கியளே, இந்தப் பிச்சையா, அவரு பத்து ஆட்டத்துல ஆறைக் கவுத்திருவாரு. பலசரக்குக் கடைக்காரரு. சீட்டைப் பிரிச்சுப் பாத்துட்டு மூக்கைச் சுளிப்பாரு, கவுத்து வச்சிருவாரு, முறுக்கைக் கடிச்சுக்கிட்டு மத்தவன் ஆடுததை வேடிக்கை பாத்துக்கிட்டு இருப்பாரு. அது ஒரு பொழைப்பா? ஆனா அவருக்கு ராசி இருக்கு. அவரு ஆடுத நாலு ஆட்டத்துக்கும் பாத்து பாத்து நல்ல சீட்டா வருது. எனக்குப் பத்தும் குப்பையா வருது.

நானும் செய்யாத வைத்தியம் இல்லை. தெக்க பாத்து உக்காந்தா ஆகாதுன்னு ஒருத்தரு சொன்னாருன்னு மேசையையே திருப்பிப் போட்டோம். ஒரு நீலச் சட்டை இருந்துச்சு. அதைப் போட்டுக்கிட்டு ஒரு வருஷம் ரெண்டாவது ரவுண்டு வரைக்கும் போனேன். துவைச்சா ராசி போயிரும்னு துவைக்க விடலை. என் வீட்டுக்காரி சிவகாமி பொறுத்துப் பொறுத்துப் பாத்துட்டு ஒரு நாள் அதை வச்சு அடுப்பைத் துடைச்சுட்டா. கோமதியம்மன் சந்நிதியில சுத்தாத சுத்து கிடையாது. ஒரு தடவை எலுமிச்சம்பழத்தைப் பையில போட்டுக்கிட்டு உக்காந்தேன், கீழ விழுந்த சீட்டை எடுக்கக் குனியும்போது நசுங்கி வேட்டியெல்லாம் சாறு. எல்லாரும் சிரிச்சாங்க. நானும் கூடச் சேந்து சிரிச்சேன், வேற என்னத்தச் செய்ய.

இப்படி எல்லாத்தையும் மாத்திப் பாத்தேன். மாத்தாதது ஒண்ணே ஒண்ணு. எம் பின்னாடி உக்காந்திருந்த ஆளு.

ஆவுடையப்பன்னு பேரு. நீங்க ஊருக்குப் புதுசு, தெரிஞ்சிருக்காது. தாலுகா ஆபீசுல சர்வேயரா இருந்து ரிட்டயர் ஆனவரு, எனக்கு ஒரு வயசு மூப்பு. ஒரு காலத்துல அவரும் நானும் ஒரே மேசையில ஆடுனவங்கதான். அவரு பொண்டாட்டிக்கு உடம்புக்கு முடியாமப் போச்சு. ரெண்டு வருஷம் படுக்கை. இனிமே சீட்டைத் தொடக் கூடாதுன்னு அந்த அம்மா கையில அடிச்சுச் சத்தியம் வாங்கிக்கிட்டா. அதுக்கப்புறம் அந்த அம்மா போயிட்டா, ஆனா இவரு சத்தியத்தை விடலை. சீட்டைத் தொட மாட்டாரு. கீழ விழுந்தாக்கூட எடுத்துத் தர மாட்டாரு. ஆனா தெனமும் நாலு மணிக்கு டான்னு வந்திருவாரு. எம் பின்னாடி நாற்காலியைப் போட்டு உக்காந்திருவாரு.

எங்க கிளப்புல அப்படி ஒரு வழக்கம் உண்டு. ஆடாதவங்க பின்னாடி உக்காந்து பாக்கலாம். ஆனா ஒருத்தர் கையை மட்டுந்தான் பாக்கணும். இங்க பாத்துட்டு அங்க எந்திரிச்சுப் போகக் கூடாது. வாயைத் திறக்கக் கூடாது, சாடை காட்டக் கூடாது. எட்டு வருஷம் அண்ணாச்சி, எட்டு வருஷம் அந்த மனுசன் எங் கையைத் தவிர இன்னொருத்தன் கையைப் பாத்தது கிடையாது. நான் இப்பம் உக்காந்திருக்கேனே, இந்த ஒயர் நாற்காலிதான். கைப்பிடியில ஒயரு அந்துபோன எடத்துல அவருதான் சணலைச் சுத்தி வச்சாரு, பாருங்க. வாயில ஒரு கிராம்பைப் போட்டு ஒதுக்கிக்கிடுவாரு. எனக்குத் திரும்பிப் பாக்க வேண்டிய அவசியமே இல்லை. கிராம்பு வாசம் வந்தா ஆளு வந்தாச்சுன்னு அர்த்தம்.

அவருகிட்ட ஒரே ஒரு கெட்ட பழக்கம். இருமுவாரு.

எப்பம் இருமுவாருன்னு சொல்ல முடியாது. சில ஆட்டத்துல ஒரு சத்தமும் இருக்காது. சில ஆட்டத்துல நான் சீட்டைப் பிரிச்சு அடுக்கி முடிச்சதும் ஆரம்பிச்சிருவாரு. பெருசா இல்லை, தொண்டையில முள்ளு நிக்க மாதிரி ரெண்டு இருமல். எனக்கு அப்படியே எரிச்சலா வரும். கையில பாத்தா சீட்டும் குப்பையா இருக்கும். போங்கடான்னு கவுத்து எறிஞ்சிருவேன். நானா ஸ்கூட்டு விட்டது கிடையாது, விட்டதெல்லாம் அந்த இருமலாலதான். எத்தனை ஆட்டத்தை இப்படி ஆடாமலே விட்டிருப்பேன்னு கணக்கே இல்லை. டாக்டர்கிட்ட போரும் வேன்னு நானே கூட்டிக்கிட்டுப் போனேன். படம் எடுத்துப் பாத்துட்டு நெஞ்சுல ஒண்ணுமே இல்லைன்னுட்டாங்க.

சரி, இந்த வருஷத்துக்கு வாரேன். மொதல் ஞாயித்துக்கிழமை. மேசைக்கு ஆறு பேரு, அதுல ரெண்டு பேருதான் மேல போகலாம். அன்னைக்குன்னு பாத்து இவரு மூணு ஆட்டத்துல இருமித் தொலைச்சாரு. மூணையும் கவுத்தேன். அப்படியும் ரெண்டாவதா வந்து தப்பிச்சேன்னா பாத்துக்கிடுங்க. கை கழுவப் போன எடத்துல பிச்சையா வந்து நின்னாரு. நல்லா ஆடுனீருன்னு சொல்லிட்டு, சிரிச்சுக்கிட்டே ஒரு வார்த்தை சொன்னாரு. 'உமக்கு ஏழரை வேற எங்கயும் இல்லை வே. உம்ம பின்னாடி நாற்காலி போட்டு உக்காந்திருக்கு' அப்படின்னாரு.

வெளையாட்டாத்தான் சொன்னாரு. நானும் சிரிச்சுட்டு வந்துட்டேன். ஆனா ராத்திரி படுத்தா அதே வார்த்தை. எட்டு வருஷமா பின்னாடி உக்காந்திருக்காரு, எட்டு வருஷமா நான் ஒரு ஃபைனலும் பாக்கலை. அதுக்கு முன்னாடி பதினோரு வருஷமும் பாக்கலைதான். ஆனா அப்பம் வேற காரணம் இருந்திருக்கும்.

ரெண்டாவது ஞாயித்துக்கிழமை வந்துச்சு. பன்னெண்டு பேரு, ரெண்டு மேசை, மேசைக்கு மூணு பேரு ஃபைனலுக்குப் போகலாம். மொத ஆட்டம். சீட்டை அடுக்குதேன், பின்னாடி இருமல். எரிச்சல்ல கவுத்தேன். இருபது. ரெண்டாவது ஆட்டம், திரும்பவும் இருமல். இன்னைக்கு உம்ம இருமலுக்குப் பயப்பட மாட்டேன்னு பல்லைக் கடிச்சுக்கிட்டு ஆடுனேன். ஒரு சீட்டும் சேரலை, எண்பது. மூணாவது ஆட்டம், ரெண்டு ராஜா, ரெண்டு ராணி, எல்லாம் பெரிய சீட்டு, ஒண்ணோட ஒண்ணு ஒட்டலை. இவரு இருமுதாரு, இருமுதாரு, நிறுத்தவே இல்லை. ஆடுனேன். எழுபத்தாறு. மூணே ஆட்டத்துல தலையில நூத்தி எழுபத்தாறு ஏறிருச்சு. எதித்தாப்புல பிச்சையா முறுக்கைக் கடிச்சுக்கிட்டு எம் பின்னாடி பாத்து லேசாச் சிரிக்காரு.

நான் திரும்பினேன். 'ஆவுடையப்பா, கொஞ்சம் எந்திரிச்சுப் போறீரா' அப்படின்னு கேட்டேன்.

அவருக்குப் புரியலை. தண்ணி வேணுமாக்கும்னு நெனைச்சாரு போலுக்கு. எந்திரிச்சு, என்ன வே, தண்ணி கொண்டாரட்டுமாங்காரு. அதோட நான் விட்டிருக்கலாம். விடலை. பதினோரு பேரு பாத்துக்கிட்டு இருக்காங்க, நான் சொன்னேன். 'உம்ம பொண்டாட்டி பக்கத்துலயும் ரெண்டு வருஷம் இப்படித்தானே உக்காந்திருந்தீரு. என்ன ஆச்சு?'

வாய் தவறிப் போச்சு அண்ணாச்சி. தோக்குத நேரத்துல மனுசனுக்கு வாயி எங்க இருக்குன்னே தெரியாது. நாற்காலியைத் தூக்கி அந்தா அந்தச் சுவரு ஓரமா வச்சாரு. சத்தம் வராம வச்சாரு, அதுதான் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கு. செருப்பை மாட்டிக்கிட்டுப் போயிட்டாரு.

அடுத்த ஆட்டம் சீட்டைப் பிரிக்கேன். நீங்க நம்ப மாட்டிய. ஆர்ட்டீன்ல அஞ்சு, ஆறு, ஏழு, எட்டு, வரிசையா வந்து நிக்கு. ரெண்டு ஜோக்கரு. மூணு பத்து. மூணாவது சுத்துலயே முடிச்சுட்டேன். அதுக்கடுத்த ஆட்டமும் எனக்குத்தான். மூணாவதா வந்து ஃபைனலுக்குப் போயிட்டேன். பத்தொம்பது வருஷத்துல மொத தடவை. அவரு எந்திரிச்சுப் போன அடுத்த நிமிசம் சீட்டு வருதுன்னா, நான் என்னத்த நெனைக்க? நீங்களே சொல்லுங்க. எவனா இருந்தாலும் அதைத்தான் நெனைப்பான்.

மறுநாளு அவரு கிளப்புக்கு வரலை. அதுக்கு மறுநாளும் வரலை. போய்ப் பாக்கணும்னு தோணுச்சு. சத்தியமா தோணுச்சு. ஆனா ஃபைனலுக்கு அஞ்சு நாளு இருக்கு. இப்பம்தான் பிடிச்ச ராசி, அவரு மூஞ்சியில முழிச்சு அதைக் கெடுத்துக்கிடவான்னு இருந்துச்சு. ஃபைனல் முடியட்டும், கோப்பையோட போயி நிப்போம், ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டா அவரு வேண்டாம்னா சொல்லப் போறாருன்னு நெனைச்சுக்கிட்டேன்.

வியாழக்கிழமை சாயங்காலம் அவரே வீட்டுக்கு வந்துட்டாரு. சன்னல் வழியா பாத்துட்டு நான் உள் ரூமுக்குப் போயிட்டேன். சிவகாமிகிட்ட, ஆளு இல்லைன்னு சொல்லிருன்னேன். அவ என்னைப் பாத்த பார்வை இருக்கே. போயிச் சொன்னா. எஞ் செருப்பு வாசல்லதான் கிடந்துச்சு. அவரு அதைப் பாத்தாராம். பாத்துட்டு, சரி தங்கச்சி, ஒண்ணுமில்லை, மக மெட்ராசுக்கு வந்திருன்னு கூப்பிட்டுக்கிட்டே இருந்தா, சரின்னுட்டேன், ஞாயித்துக்கிழமை ஏழே கால் ரயிலு, சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன்னு சொன்னாராம். படி இறங்கிப் போயி, திரும்பி வந்து இன்னொண்ணும் சொன்னாராம். 'அவனை நிதானமா ஆடச் சொல்லுங்க. பெரிய சீட்டைக் கையில வச்சுக்கிட்டு அழிய வேண்டாம்னு சொல்லுங்க.'

சிவகாமி இதைச் சொல்லிட்டு, நீங்க எல்லாம் ஒரு மனுசனான்னு கேட்டா. இப்பம் ஓடிப்போயி கூப்பிடுங்க, தெரு முக்குலதான் போவாகன்னா. நான் கணக்குப் போட்டேன். ஃபைனல் மூணு மணிக்கு. எப்படியும் ஆறுக்குள்ள முடிஞ்சிரும். ஸ்டேசன் பத்து நிமிச நடை. கோப்பையைத் தூக்கிக்கிட்டு நேரா பிளாட்பாரத்துக்குப் போயி, இந்தாரும் வே, இது நம்ம ரெண்டு பேருக்குந்தான்னு அவரு கையில கொடுத்திரணும். மனசுக்குள்ள அதை எத்தனையோ தடவை பேசிப் பாத்துட்டேன். அவரு என்ன சொல்லுவாருன்னுகூட நெனைச்சு வச்சிருந்தேன்.

ஃபைனல் வந்துச்சு. அந்த நடு மேசைதான், ஃபேனுக்குக் கீழ. எம் பின்னாடி இந்த நாற்காலியைக் காலியாவே போட்டு வச்சேன், ஒருத்தரையும் உக்கார விடலை. இருமல் இல்லை, கிராம்பு வாசம் இல்லை. அவ்வளவு நிம்மதி. இன்னைக்கு எல்லாச் சீட்டையும் ஆடலாம்னு இருந்துச்சு. ஆடுனேன்.

மொத ஆட்டம் எண்பது. பரவாயில்லை, ஆரம்பந்தானே. ரெண்டாவது முப்பத்தி நாலு. ஒரே ஒரு கிளாவர் ஒம்பது வந்திருந்தா முடிச்சிருப்பேன், அதைப் பிச்சையா கையில பிடிச்சு வச்சிருந்திருக்காரு. மூணாவது எண்பது. ஜோக்கரு இல்லாம ஒரு வரிசை சேக்கணும், அந்த வரிசை கடைசி வரைக்கும் சேரலை. நாலாவது ஆட்டம் சீட்டைப் பிரிக்கேன். ரெண்டு ஆசு, ரெண்டு ராஜா, ஒரு ராணி, ரெண்டு ஜாக்கி, எல்லாம் வேற வேற சாதி. கீழ வைக்கவும் மனசில்லை, ஆடவும் தைரியமில்லை. அப்படியே அடுக்கிப் பிடிச்சுக்கிட்டுக் கொஞ்ச நேரம் உக்காந்திருந்தேன். ஆடுதீரா கவுக்கீரான்னு கேக்காங்க. நான் எதுக்கோ காத்துக்கிட்டிருந்த மாதிரி இருந்துச்சு. எதுக்குன்னு அப்பம் தெரியலை. ஆடுதேன்னு சொன்னேன். எழுபத்தொண்ணு.

நாலே ஆட்டம். எல்லாருக்கும் மொதல்ல நாந்தான் வெளிய. அப்பம் மணி நாலடிக்கலை.

ஆமா, கேக்கப் போறிய, தெரியும். ரயிலு ஏழே காலுக்குத்தானே, நாலு மணிக்கே வெளிய வந்த ஆளு ஏன் போகலைன்னுதானே. எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுப் போக? அந்த மனுசனைப் பேசாத பேச்சுப் பேசி எழுப்பி விட்டது எதுக்கு, ஜெயிக்கதுக்கு. ஜெயிச்சிருந்தா அந்தப் பேச்சுக்கு ஒரு காரணமாவது இருந்திருக்கும். இப்பம் வெறுங்கையோட போயி என்னன்னு சொல்ல? இந்தச் சுவரு ஓரமாத்தான் உக்காந்திருந்தேன். அஞ்சு மணி ஆச்சு, அஞ்சரை ஆச்சு. எந்திரிச்சு வாசல் வரைக்கும் போனேன். திரும்ப வந்து உக்காந்தேன்.

ஆறு மணிக்குப் பிச்சையா ஜெயிச்சுட்டாரு. சால்வையோட எங்கிட்ட வந்து பக்கத்துல உக்காந்தாரு. பாவம்னு தோணியிருக்கும். முறுக்குப் பொட்டலத்தை நீட்டுனாரு, நான் வேண்டாம்னுட்டேன். அப்பம் சொல்லுதாரு. 'தப்பா எடுக்காதீரும். அந்த ஆளு இருக்க வரைக்கும் உம்மை லேசுல வெளிய தள்ள முடியாதுன்னுதான் அன்னைக்கு அந்த வார்த்தையைப் போட்டு விட்டேன். உம்ம கையில குப்பை வந்தா அவருக்கு இருமல் வந்திரும் வே. அவருக்கே அது தெரியாதுன்னு நெனைக்கேன். பின்னாடி இருந்துக்கிட்டு உமக்காகப் பதறுதாரு. நீரும் கவுத்துட்டுத் தப்பிச்சிருதீரு. எட்டு வருஷமா எங்களுக்கெல்லாம் தெரியும்.'

எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். ஜெயிச்ச கொழுப்புல பேசாதீரும், அவரு யோக்கியன், ஒரு சாடை காட்டினவரில்லைன்னு சண்டைக்குப் போயிட்டேன். சட்டையைப் பிடிச்சுட்டேன்னு சொல்லுதாங்க, எனக்கு ஞாபகம் இல்லை. ரெண்டு பேரு வந்து விலக்குனாங்க. அந்தச் சண்டையில மணி ஏழாயிருச்சு. அப்புறம் ரயிலு கூவுச்சு. இங்க இருந்தா நல்லாக் கேக்கும். எல்லாரும் பேசுததை நிப்பாட்டிட்டாங்க, ஏன்னு தெரியலை. நான் ஒருத்தன்தான் பேசிக்கிட்டிருந்தேன்.

நேரம் பாருங்க, நேரம். அந்தச் சண்டை மட்டும் வரலைன்னா ஒருவேளை போயிருப்பேன். அதுவும் ராசிதான்.

டீ வந்திருச்சு, குடிங்க. ஆறிப்போயிரும். பிச்சையாவுல கடைசி எழுத்து கொஞ்சம் கீழ இறங்குன மாதிரி தெரியுது. இல்லையா? சரி, எனக்குத்தான் கண்ணு.

அதுக்கப்புறம் நான் ஒரு ஆட்டமும் ஆடலைன்னு சொன்னா நம்புவியளா? சத்தியம் ஒண்ணும் பண்ணலை. உக்காந்து பாத்தேன், முடியலை. சீட்டைப் பிரிச்சு அடுக்குவேன், காது பின்னாடி போயிரும். சத்தம் வருதான்னு கேக்கும். நல்ல சீட்டா கெட்ட சீட்டான்னு எனக்கே தெரிய மாட்டேங்குது அண்ணாச்சி. பத்தொம்பது வருஷம் ஆடியிருக்கேன், ஒரு கையைப் பாத்து இது ஆடலாம், இது ஆடக் கூடாதுன்னு சொல்லத் தெரியலை. எனக்கு அழுகையா வந்துச்சு. எல்லாரு முன்னாடியும் கண்ணைத் துடைச்சுக்கிட்டு எந்திரிச்சு வந்துட்டேன்.

போன வாரம் சிவகாமிதான் அவரு மக நம்பரை வாங்கிட்டு வந்து எங் கையில கொடுத்தா. பகவதின்னு பேரு, சின்னப் புள்ளையில இருந்து தெரியும். போனை எடுத்ததும், மாமா நல்லா இருக்கியளா, அத்தை எப்படி இருக்காகன்னு கேட்டா. அவருக்கு இருமல் எப்படி இருக்கும்மான்னு கேட்டேன். இருமலா, அப்பா இங்க வந்து ஒரு தடவை கூட இருமலையே மாமா, அவுக யாருகிட்டயும் அவ்வளவா பேசவும் செய்யலை, சன்னல்கிட்ட உக்காந்து ரோட்டைப் பாத்துக்கிட்டே இருக்காகன்னா. இந்தா அப்பாகிட்ட கொடுக்கேன்னு கொடுத்துட்டா.

ஆவுடையப்பா, நாந்தாம் வேன்னேன். மூச்சு மட்டும் கேக்குது. பேசணும்னு எத்தனையோ வச்சிருந்தேன். மன்னிச்சிரும்னு கேக்க வாயே எழும்பலை. கடைசியில, ஒரு நடை நான் மெட்ராசுக்கு வரட்டுமா வே, உம்மைப் பாத்துட்டுப் போகட்டுமான்னு கேட்டேன்.

இருமுனாரு.

ரெண்டு இருமல். தொண்டை கமறுன மாதிரி, ரெண்டாவது பாதியில நின்னு போச்சு. அந்த இருமல் எனக்குத் தெரியாதா? எட்டு வருஷம் கேட்ட இருமல். ஒரு மாசமா இருமாத மனுசன், நான் வரட்டுமான்னு கேட்டதும் இருமுதாருன்னா என்ன அர்த்தம்? இது ஆடுத கை இல்லை, கவுத்திருன்னுதானே அர்த்தம். பிச்சையா சொன்னதுல அது ஒண்ணுதான் சரி. போனை வச்சுட்டேன். எரிச்சல் இல்லாம, கோவம் இல்லாம, அவரு இருமலுக்காக நான் கவுத்தது அது ஒண்ணுதான்.

சிவகாமி சொல்லுதா, அது இருமல் இல்லை, அந்த அண்ணன் அழுதிருப்பாகன்னு. அவளுக்கு என்ன தெரியும்? அவ எட்டு வருஷம் அவருக்கு முன்னாடி உக்காந்து கேட்டாளா? நீங்களும் அதையேதான் சொல்லுதிய. இன்னொரு தடவை போன் பண்ணுங்கன்னு சொல்லுதது சுளுவு. கவுத்த சீட்டைத் திரும்ப எடுக்கக் கூடாது அண்ணாச்சி. அது ரூலு.

முடிஞ்சிருச்சா? நல்லா இருக்கு. தூரத்துல இருந்து பாத்தாலும் தெரியும். காயுத வரைக்கும் யாராவது கையை வச்சிராம நான் பாத்துக்கிடுதேன். கீழ அந்த கோட்டையும் ஒரு தடவை தீட்டி விட்டுருங்க, மங்கிக் கிடக்கு.

இவ்வளவு நேரம் உங்க பின்னாடியே உக்காந்து பேசிக்கிட்டு இருந்துட்டேன். தொந்தரவா இருந்தா சொல்லிருங்க அண்ணாச்சி, எந்திரிச்சுப் போயிருதேன். கோவிச்சுக்கிட மாட்டேன்.